உப்புக் கரிக்கும் பெட்டி

அத்தியாயம் 4

மூன்றாவது முறையாகக் காரைக் குளிப்பாட்டியாகிவிட்டது. முன்கண்ணாடி, கதவு இடுக்கு, பானெட் ஓரம் என்று தண்ணீர் புகக்கூடிய இடமெல்லாம் குழாயைப் பிடித்துப் பீய்ச்சியாகிவிட்டது. கண்ட பலன், ஜான்சியின் சுடிதார் முழங்கால் வரை நனைந்ததுதான்.

“ஏலே கர்ணா, உள்ள எங்கயாச்சும் ஒழுகுதா?”

காலை முன் சீட்டிலும் தலையை டாஷ்போர்டுக்கு அடியிலும் வைத்துத் தலைகீழாகக் கிடந்த கர்ணன் டார்ச்சை அணைத்தான். “ஒண்ணும் இல்லக்கா. கீழ காஞ்சு கெடக்கு. மேல அண்ணாந்து பாத்தா பூராம் கறுப்பு ஒயரு மூட்டதான். இந்தக் காருக்குள்ள ஈரமா இருக்கறது ஏஞ் சட்ட ஒண்ணுதான். அதுவும் வேர்வ.”

ஜான்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர்தான் குற்றவாளி என்று காலையில் சின்னமனூர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தாள். இப்போது அந்தத் தீர்ப்பு அவள் காலடியில் சேறாக ஓடிக்கொண்டிருந்தது.

தேனி கடைவீதியில், அப்பாவின் இரும்புச் சாமான் கடைக்கு மேலே ‘ஜான்சி துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டியிருக்கிறாள் அவள். வருகிற வழக்கெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று விசாரித்துச் சொன்னால் முடிந்தது. காரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கதவைத் திறந்து ஏறுவது மட்டுமே. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கர்ணன். ஒரு காலத்தில் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். முதலாளி புதிதாக வைத்த மீசையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி வேலையைத் தொலைத்தவன்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் சுபாஸ்ரீ. மார்க்கையன்கோட்டை ரோட்டில் இருக்கும் இந்தக் கார் ஒர்க் ஷாப் அவள் புருஷன் அருண்பாண்டியுடையது. அவன் ரிப்பேர் பார்ப்பான். அவள் கல்லாவைப் பார்ப்பாள்; வேலை முடிந்த காரை உள்ளே துடைத்து, பானெட்டில் பொட்டு வைத்து அனுப்புவதும் அவள்தான். “என் வீட்டுக்காரருக்குத் திருட்டுப் பட்டம் கட்டிட்டாகக்கா” என்று ஆபீஸில் வந்து நின்று அழுதவளை ஜான்சியால் திருப்பி அனுப்ப முடியவில்லை.

பட்டம் கட்டியவர் ஈஸ்வரபாண்டி. தேவாரம் கார் ஸ்டாண்டின் தலைவர். அவருடைய வெள்ளைக் கார் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேகமலைக்குப் போய் வருகிற வண்டி. மழைக்காலத் தொடக்கத்தில் அதன் ஈ.சி.எம். செத்துப்போனது. எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று உத்தரவு போடுகிற கம்ப்யூட்டர் பெட்டி அது. இந்தக் காரில் டாஷ்போர்டின் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும்; கழற்றக் கீழிருந்து கையை விட்டால் போதும். வயதாகிப் போன பெட்டி, செத்ததில் சந்தேகமில்லை. ஆனால் அதை மாற்றுகிற வேலைக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் மதுரைக்குத்தான் போவார்கள். முதல்முறையாகச் சின்னமனூரிலேயே மாற்றிக் கொடுத்தவன் அருண்பாண்டி. அன்று வேடிக்கை பார்க்க ஒர்க் ஷாப் வாசலில் கூட்டமே கூடிவிட்டது.

புதுப் பெட்டி ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடியது. பிறகு மேகமலைக் கொண்டை ஊசி வளைவில், பனிக்குள், ஏழு பேரோடு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் அதன் பின்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அருண்பாண்டி தன் பொறுப்பில் இன்னொரு பெட்டி போட்டுக் கொடுத்தான். அது முந்தையது ஓடிய நாளில் பாதிகூடத் தாங்கவில்லை. அதே மலையில் அதுவும் உயிரை விட்டது.

“புதுசுன்னு சொல்லிப் பழசத் தூக்கி மாட்டிட்டான்” என்றார் ஈஸ்வரபாண்டி. போதாக்குறைக்கு ஏர்பேக் விளக்கு வேறு அணையாமல் எரிகிறது, அதுவும் இவன் கைவேலைதான் என்று இன்னொரு குற்றச்சாட்டு. தலைவர் சொன்ன மறுநாளே ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் ஒர்க் ஷாப்பைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. இன்று சாயங்காலத்துக்குள் உண்மை தெரியாவிட்டால் அவர் நேரே போலீஸ் ஸ்டேஷன் போவார். அதற்குப் பிறகு அருண்பாண்டி இந்த ஊரில் ஸ்பேனரைக் கையில் எடுக்க முடியாது.

“பெட்டியோட நம்பர் ஒட்டியிருக்குமே?” என்று ஜான்சி காலையிலேயே கேட்டிருந்தாள்.

“ஸ்டிக்கர உரிச்சு ஒட்டுறது என்ன கம்பசூத்திரமாங்கிறாரு” என்றான் அருண்பாண்டி. நாலு நாள் தாடி, தூக்கம் காணாத கண். “பெட்டிக்குள்ளயும் அதே நம்பர் பதிஞ்சிருக்கும்க்கா. ஸ்கேனர்ல படிக்கலாம். ஆனா செத்த பெட்டி பேச மாட்டேங்குது. பியூஸ் பாத்தேன், கரண்டு பாத்தேன், எர்த் பாத்தேன். கார்ல ஒரு கொறையும் இல்ல. எந்தப் பெட்டியப் போட்டாலும் அது மட்டும் சாகுது.”

மேஜையில் செத்த பெட்டிகள் இரண்டும், சீல் உடைக்காத மூன்றாவது பெட்டியும் இருந்தன. அந்த மூன்றாவதை அவன் தொடவே பயப்பட்டான்.

காருக்குள்ளிருந்து ஊர்ந்து வந்த கர்ணன், செத்த பெட்டி ஒன்றை எடுத்து, பின்களில் பூத்திருந்த வெள்ளையைச் சுண்டுவிரலால் வழித்து நாக்கில் வைத்தான்.

“அட அசிங்கம் பிடிச்சவனே!”

“காலையில இருந்து ஒரு வடகூட வாங்கித் தரலல்ல?” என்றவன் முகத்தைச் சுளித்தான். “அக்கா… உப்பு!”

“என்ன உப்பு?”

“சோத்துல போடுற உப்புதான்க்கா. நீங்களும் நக்கிப் பாருங்க, பாக்கி நெறைய இருக்கு.”

ஜான்சி நக்கவில்லை. ஆனால் அவளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை உண்டு, ஏலம் உண்டு, வாழை உண்டு. கடல் கிடையாது. உப்பு ஒட்டிய பெட்டி என்றால் அது கடற்கரை ஊர் வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து கழற்றியதாக இருக்கவேண்டும். அதைத் துடைத்துப் புது அட்டைப்பெட்டியில் போட்டு விற்றவன்தான் திருடன்.

“பெட்டிகள யார்ட்ட வாங்குனீக?”

“தேனி சுயம்புலிங்கம் அண்ணாச்சி கடையில” என்றான் அருண்பாண்டி.

“கெளம்புலே கர்ணா!”

“வட?”

“தேனியில.”

*

தேனியிலும் வடை கிடைக்கவில்லை. கிடைத்தது வசவுதான்.

சுயம்புலிங்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நாற்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். ஜான்சியின் அப்பாவோடு ஒரே சர்ச்சுக்குப் போகிறவர். அவள் ‘வெள்ளத்தில் மூழ்கிய பெட்டி’ என்று வாயைத் திறந்ததுமே அவர் காது மடல் சிவந்துவிட்டது.

“ஏம்மா, ஒங்கப்பன் கடையில துருப்பிடிச்ச ஆணி விக்கிறாகன்னு நான் என்னைக்காச்சும் சொன்னேனா? குடு இங்கன.”

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டு பெட்டிகளின் மூடியையும் நெம்பித் திறந்து கண்ணாடி மேஜையில் வரிசையாக வைத்தார். உள்ளே பச்சைப் பலகையும் அதன் மேலிருந்த சில்லுகளும் பளபளவென்று இருந்தன. சேறு இல்லை, கறை இல்லை, தண்ணீர் நின்ற கோடும் இல்லை.

“முங்குன பெட்டி இப்பிடியா இருக்கும்? உப்பு எங்கன இருக்குன்னு கண்ணத் தொறந்து பாரு. ஒயரு சொருகுற எடத்துல மட்டும் இருக்கு. போன வாரம் போடியில ஒரு காருக்கு இதே கம்பெனிப் பெட்டி குடுத்தேன், கழுத கணக்கா ஓடுது. போயி வேற வேல இருந்தாப் பாரு தாயி.”

கர்ணன் மெல்லச் சொன்னான். “அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. இவுக மாப்பிள்ள கேஸ்லயும் மொதல்ல நல்லவனத்தான் புடிப்பாக.”

வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஜான்சிக்கு யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. அரை நாள் வீண். அப்பா காதுக்கு இது ராத்திரிச் சாப்பாட்டுக்குள் போய்விடும். அங்கே ஒருவன் தாடியைச் சொறிந்துகொண்டு இவளை நம்பி உட்கார்ந்திருக்கிறான். இவளோ சின்னமனூரில் கடலைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தாள். வீரபாண்டி தாண்டி, உப்புக்கோட்டைக்குப் பிரியும் பாதையின் போர்டு வந்தது.

“அக்கா, குத்தவாளி ஊரு வந்துருச்சு. எறங்கிருவமா?”

“வாய மூடுறியா, இல்ல ஜன்னல் வழியாத் தள்ளவா?”

“தள்ளுங்க. கீழ டீக்கடை இருக்கு.”

அவள் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டிலும் மேல் வரிசைப் பின்கள்தான் அரித்திருந்தன. கீழ் வரிசை ஏறக்குறையச் சுத்தம். அப்படியானால் உப்புத் தண்ணீர் மேலிருந்து சொட்டியிருக்கிறது. முதல் பெட்டியில் பூத்திருந்தது கொஞ்சம். இரண்டாவதில் ஒரு பின் அடியோடு கரைந்தே போயிருந்தது. இத்தனைக்கும் ஓடிய காலம் அதுதான் குறைவு.

“கர்ணா, ஒனக்கு ஒருத்தன் மேல ஆத்திரம். அவன் வேலையக் கெடுக்கணும். உப்புத் தண்ணி ஊத்தணும்னா எவ்வளவு ஊத்துவ?”

“ஒரு சொம்பு. மொதத் தடவையே.”

“மொதத் தடவ வேல முடிஞ்சிருச்சு, பெட்டி செத்துப்போச்சு. ரெண்டாவது தடவ எதுக்கு ஜாஸ்தி ஊத்தணும்?”

கர்ணன் முதல்முறையாக யோசித்தான். “ஊத்த வேண்டியதில்லக்கா. அதே அளவு போதுமே.”

“ஆனா ஊத்தியிருக்காக. பெட்டி சாகச் சாக அளவு கூடுது. இது ஆத்திரம் இல்லலே. பயம். பெட்டி செத்துப்போச்சேன்னு யாரோ பயந்திருக்காக. பயந்து கூட்டிப் போட்டிருக்காக.”

“கெடுக்குறவுக எதுக்குக்கா பயப்படணும்?”

அதுதான் ஜான்சிக்கும் புரியவில்லை. சின்னமனூர் வரும் வரை புரியவே இல்லை.

*

ஒர்க் ஷாப் வாசலில் சுபாஸ்ரீ டீ டம்ளர்களோடு வந்தாள். “ஏதாச்சும் தெரிஞ்சுச்சாக்கா?” என்று கேட்ட குரலில் இருந்த ஆவலைப் பார்க்க ஜான்சிக்குச் சங்கடமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை வாங்கினாள்.

குனிந்ததால்தான் அதைப் பார்த்தாள்.

வாசல் நிலைக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஜான்சி நகத்தால் சுரண்டினாள். கர்ணனைத் திட்டியதை மறந்து நாக்கில் வைத்தாள்.

உப்பு.

நிமிர்ந்து பார்த்தாள். நிலையின் நடுவில் கறுப்புத் துணி மூட்டை ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இது என்னம்மா?”

“திருஷ்டிக்குக்கா. கல்லுப்பும் படிகாரமும். எல்லாக் கடையிலயும் கட்டுறதுதானே?”

எல்லாக் கடையிலும் கட்டுவதுதான். ஜான்சி அதன் கீழே காலையிலிருந்து பத்துத் தடவை போய்வந்திருக்கிறாள். வெயிலில் அது சும்மா தொங்கும். சாரல் அடிக்கிற நாளில் உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசியும், சொட்டும். இந்த வாசலிலேயே இவ்வளவு சொட்டியிருக்கிறதென்றால், பனி மூட்டம் வண்டிக்குள்ளேயே புகுகிற மேகமலையில் எவ்வளவு சொட்டும்? கார் ஏன் மலையில் மட்டும் செத்தது என்பதும், இங்கே மூன்று முறை குளிப்பாட்டியும் ஏன் ஒன்றும் ஒழுகவில்லை என்பதும் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கர்ணன் காலையில் சொன்ன கறுப்பு மூட்டையும் நினைவுக்கு வந்தது.

“அருண்பாண்டி, காரோட க்ளவ் பாக்ஸைக் கழத்துங்க.”

அவன் வாயைத் திறப்பதற்குள் சுபாஸ்ரீ முந்திக்கொண்டாள். “அது எதுக்குக்கா? அதுக்குள்ள ஆர்சி புக்குதான் இருக்கும்.”

மீதி டீயைக் கொடுக்க மறந்து அவள் காரை நோக்கி ஓரடி வைத்தாள். ஜான்சி அவளைப் பார்த்தாள். சட்டென்று, இதைக் கண்டுபிடிக்காமலே போயிருக்கலாம் என்று தோன்றியது.

“அதுக்குள்ள இல்லம்மா. அதுக்குப் பின்னாடி.”

அருண்பாண்டி இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி க்ளவ் பாக்ஸை உருவினான். உள்ளே, கறுப்பு டேப் சுற்றிய ஒயர்க் கட்டுக்கு மேல், அதே நிறத்தில் இரண்டு துணி முடிச்சுகள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்று சிறியது. இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்கு. அவற்றின் அடியிலிருந்து ஒயர் வழியாக ஒரு வெள்ளைக் கோடு நேராக இறங்கி, ஈ.சி.எம். ஒயர் சொருகும் இடத்தில் முடிந்தது.

“நீயும் பாத்தியேலே!” என்றாள் ஜான்சி.

“பாத்தேன்க்கா. ஒயருன்னு நெனச்சேன். ஒயருக்குத் திருஷ்டி கழிப்பாகன்னு என் படிப்புல சொல்லித் தரல.”

அருண்பாண்டி பெரிய முடிச்சைக் கையில் எடுத்துப் பார்த்தான். துணி அவனுக்குத் தெரிந்த துணி. அவனுடைய பழைய கறுப்பு வேட்டியின் கிழிசல்.

“சுபா?”

அவள் டம்ளர்களைத் தரையில் வைத்தாள். “அன்னைக்கு அம்புட்டுப் பேரு வந்து பாத்தாக. மதுரைக்குப் போற வேலைய இவன் பாக்குறானேன்னு ஒவ்வொருத்தர் கண்ணும் வயிறெரியறது தெரிஞ்சுச்சு. தொடைக்கும்போது உள்ள வச்சு விட்டேன். யாருட்டயும் சொன்னா பலிக்காதும்பாக, அதான் சொல்லல.”

“நாந்தான் தூங்காமக் கெடந்தேனே. அதப் பாத்துமா சொல்லல?”

“அதப் பாத்துத்தான் ரெண்டாவது தடவ பெரிசாக் கட்டுனேன்.”

அருண்பாண்டி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாளாக அவன் சந்தேகப்படாத ஆள் இல்லை. ஸ்டாண்டு டிரைவர்கள், எதிர் ஒர்க் ஷாப்காரன், கடைசியில் தன் கைகளையே சந்தேகப்பட்டிருந்தான்.

ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. இன்னொரு காரிலிருந்து ஈஸ்வரபாண்டி இறங்கினார். பின்னால் ஸ்டாண்டு ஆட்கள் நாலு பேர்.

“எலி மேல போட்டுருவோம்க்கா” என்று கிசுகிசுத்தான் கர்ணன். “எலிக்கு ஸ்டேஷன்ல ஆள் கெடையாது.”

ஜான்சிக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. எலி என்றால் யாருக்கும் தலைக்குனிவு இல்லை. ஆனால் எலி உப்பு மூட்டை கட்டாது. இந்தப் பொய் உடைந்தால், அருண்பாண்டியின் பெயரை அதற்குமேல் யாராலும் மீட்க முடியாது.

“வேணாம்ணே” என்றாள் சுபாஸ்ரீ. “நானே சொல்றேன்.”

புருஷன் கையிலிருந்த முடிச்சை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். “என்னம்மா, துப்பறிஞ்சு கிழிச்சாச்சா?” என்று ஜான்சியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்த ஈஸ்வரபாண்டியின் கையில் அதை வைத்தாள். அழாமல், நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். இவுக திருடல, பெட்டி ரெண்டும் புதுசுதான், கெடுத்தது நான்தான், ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டா நான் வாரேன் என்று முடித்தாள்.

ஸ்டாண்டு ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஈஸ்வரபாண்டி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. முடிச்சை உருட்டி உருட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு ஜான்சிக்கு விசித்திரமாக இருந்தது. பிறகு விடுவிடுவென்று தன் வெள்ளைக் காருக்குப் போனார். டிரைவர் கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டார்.

வெளியே வந்த கையில் ஒரு கறுப்புத் துணி மூட்டை இருந்தது. சுபாஸ்ரீ கட்டியதைவிடப் பெரியது. பொருக்குத் தட்டி வெளுத்துப் போயிருந்தது.

“என் வீட்டுக்காரி பஞ்சம்மா கட்டி விட்டது” என்றார், யாரையும் பார்க்காமல். “மழைக்கு முன்ன.”

கர்ணன் ஓடிப்போய்ச் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தான். “அக்கா! ஏர்பேக் ஒயரு இங்கனதான் சொருகுது. மஞ்சக் கலரு பச்சையாப் போயிருக்கு. இந்த விளக்கு ஏன் அணையலன்னு இப்பத் தெரியுது.” பிறகு ஈஸ்வரபாண்டியை ஏற இறங்கப் பார்த்தான். “ஐயா, ஸ்டேஷனுக்குப் போறதா இருந்தா பெரிய வண்டியாப் பிடிங்க. குடும்பத்தோட போகணும்ல?”

“கர்ணா!”

ஈஸ்வரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஸ்டாண்டு ஆட்கள் பக்கம் திரும்பி, தேவாரம் வரை கேட்கிற குரலில் சொன்னார். “பெட்டி புதுசுதான்டா. அருண்பாண்டி மேல தப்பு இல்ல. நாளைக்குக் காலையில எல்லா வண்டியும் இங்கன வந்து நிக்கணும்.”

நாலு தலையும் ஆடின. அருண்பாண்டி எழுந்தான். மனைவியை ஒரு பார்வை பார்த்தான். கோபம் இன்னும் அதில் மிச்சம் இருந்தது. மேஜைக்குப் போய் மூன்றாவது பெட்டியின் சீலை உடைத்தான்.

ஒயர் சொருகும் இடத்தை ஸ்ப்ரே அடித்துக் கழுவி, அரித்துப் போன பின்னை மாற்றி, பெட்டியை மாட்டி, சாவியை அதற்கு அடையாளம் காட்டினான். ஸ்கேனர் திரை கொஞ்ச நேரம் சுற்றியது. பெட்டி பேசியது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே பிடியில் எடுத்தது.

“இந்தா, வடையக் கேட்டல்ல? போயிச் சாப்பிடு” என்று கர்ணனின் முதுகில் ஓர் அடி வைத்தாள் ஜான்சி. அரை நாள் எரிச்சலில் பாதி அந்த அடியில் போனது.

பழக்க தோஷத்தில் சுபாஸ்ரீ குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு காருக்கு அருகே வந்துவிட்டாள். வந்த பிறகுதான் தன் கையில் இருப்பதைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். முன்னே வரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அருண்பாண்டி க்ளவ் பாக்ஸைப் பொருத்தி, கடைசி ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டினான்.

“பொட்டு வையி சுபா” என்றான். “வெளிய மட்டும்.”